செல்போனைப் பூட்டிவிட்டால் பிள்ளைகள் திருந்திவிடுவார்களா?

இன்றைய தினம் நம் நாட்டில் நாலு பெற்றோர்கள் கூடிப் பேசும் இடத்திலெல்லாம், அது கலியாண வீடானாலும் சரி, டீக்கடையானாலும் சரி, பிள்ளைகள் செல்போனால் கெட்டுப் போய்விட்டார்கள் என்கின்ற ஒரே கூப்பாடாகவே இருந்து வருகின்றது. பத்தாவது படிக்கும் பையன் இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை என்பார் ஒருவர். பெண் எந்நேரமும் இன்ஸ்டாகிராமும் கையுமாகவே இருக்கின்றாள் என்பார் மற்றொருவர். சரி, இதற்குப் பரிகாரம் என்னவென்று கேட்டால், "பிடுங்கிப் பூட்டி வையுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. இந்தப் பரிகாரம் காரியத்துக்கு உதவுமா என்பதையும், உதவாதென்றால் வேறு எதுதான் உதவும் என்பதையும் பற்றி இவ்வாரம் சிறிது எழுத விரும்புகின்றோம்.

முதலில் ஒரு கேள்வி கேட்கின்றோம். பிள்ளைகள் கையில் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார்? 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட போது, பாடத்தைச் செல்போனில் கேள் என்று சொன்னது பள்ளிக்கூடம். கம்மலை அடகு வைத்தாவது அதை வாங்கிக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பல இடங்களில் வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றது. பரீட்சை முடிவு பார்ப்பதும், காலேஜில் சேர மனுப் போடுவதும் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. நல்ல வாசகசாலை ஒன்றுகூட இல்லாத கிராமத்தில் கூலிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், உலகத்தின் எந்த மூலையிலுள்ள ஆசிரியர் சொல்லும் கணக்கையும் சயன்சையும் இன்று தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க முடிகின்றது. இப்பேர்ப்பட்ட சாதனத்தை "பிசாசு" என்று சொல்லி ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனமாகுமா?

ஆனால் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதை எப்படி உபயோகிப்பதென்று ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், பின்னால் பிடித்துக்கொண்டு நாலு தெரு ஓடுகின்றோம். உலகம் முழுவதையும் உள்ளே அடைத்து வைத்திருக்கும் ஒரு கருவியை மாத்திரம் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அசர்" என்னும் கிராமப்புறக் கல்வி ஆராய்ச்சியின் 2024-ம் வருஷத்து அறிக்கையில் கண்டபடி, செல்போனை உபயோகிக்கத் தெரிந்த 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில், முந்திய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்காகத் தொட்டவர்கள் 100-க்கு 57 பேர். சமூக வலைத்தளத்துக்காகத் தொட்டவர்கள் 100-க்கு 76 பேர். அவ்வலைத்தளங்களைப் பார்ப்பவர்களிலோ, தொல்லை கொடுப்பவனைத் தடுத்து வைக்கவும் அவன்மீது புகார் செய்யவும் தெரிந்தவர்கள் 100-க்கு 62 பேர்தான். மீதிப் பேர் கதவைத் தாழ்ப்பாள் போடவே தெரியாமல் வீதியோரத்தில் குடியிருப்பவர்கள் போல் இருக்கின்றார்கள். இது பிள்ளைகளின் குற்றமா? சொல்லிக் கொடுக்காதவர்களின் குற்றமா?

கம்பெனிகளின் வியாபாரம்

செல்போனால் தீமையே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. தீமை இருக்கின்றது. அது எங்கே இருக்கின்றதென்பதைக் கண்டுபிடித்தால்தான் பரிகாரம் கிடைக்கும் என்கின்றோம்.

பேஸ்புக்கும், இன்ஸ்டாகிராமும், யூடியூப்பும் நம்மிடம் காலணா வாங்காமல் எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டுகின்றார்களே, அவர்களுக்குப் பிழைப்பு எப்படி நடக்கின்றது என்று நாம் எப்பொழுதாவது யோசித்ததுண்டா? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றையும் நடத்தும் மெட்டா கம்பெனிக்கு 2024-ம் வருஷத்தில் வந்த வரும்படி 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்துக்காக வியாபாரிகள் கொடுத்த பணம். அதாவது, அக்கடையில் நாம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றோம்; அவர்களோ நம் பிள்ளைகளின் பொழுதையே சரக்காக அளந்து விற்றுக்கொண்டிருக்கின்றார்கள். பிள்ளை எவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் இருக்கின்றதோ அவ்வளவுக்கு அவர்களுக்கு லாபம்.

ஆகவே, கண்ணெடுக்க விடாமல் செய்வதற்கென்றே அங்கு ஏற்பாடுகள் உண்டு. புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு மணியடித்து முடிவு உண்டு. ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து நிற்கும்படியாகவே அது அமைக்கப்பட்டிருக்கின்றது. "லைக்" என்று கட்டை விரல் காட்டும் வழக்கத்தைப் பேஸ்புக் 2009-ல் கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் தங்கள் யோக்கியதையை அந்த எண்ணிக்கையினாலேயே அளந்து பார்த்துக் கொள்ளுகின்றார்கள். 2021-ல் அக்கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்னும் அம்மையார், கம்பெனியின் உள் தஸ்தாவேஜுகளை வெளியே கொண்டு வந்தார். தங்கள் உடம்பைப் பற்றி மனம் குன்றியிருக்கும் போது இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குவதாக இளம்பெண்களில் 100-க்கு 32 பேர் சொன்னார்கள் என்று, கம்பெனியின் சொந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதி வைத்திருந்தார்கள். கருப்பு நிறத்தைக் குறைவென்று எண்ணப் பழக்கப்பட்ட நம் நாட்டில், முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் "பில்டர்" என்ன வேலை செய்யும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "நீ கெட்டவன், அதனால் பார்க்கின்றாய்" என்று சொன்னால் பையன் கோபித்துக் கொள்வான். "உன்னை ஏமாற்றி உன் பொழுதை ஒருவன் விற்றுக் காசாக்குகின்றான்" என்று கணக்கோடு சொன்னால் அவனுக்கே ரோஷம் வரும். ஏமாளியாக இருக்க எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் சம்மதிக்காது.

பெண்ணுக்கு மாத்திரம் தடையா?

நிற்க, பூட்டி வைக்கச் சொல்லும் கனவான்களின் பூட்டு பெரும்பாலும் யார் மேல் விழுகின்றதென்று பாருங்கள். 2019-ம் வருஷம் ஜூலை மாதம் குஜராத்தில், பனஸ்கந்தா ஜில்லாவில் 12 கிராமங்களைச் சேர்ந்த தாகோர் ஜாதிப் பெரியவர்கள் கூடி, கலியாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாதென்று தீர்மானித்தார்கள். பையன்களுக்கு அத்தடை இல்லை. அதோடு, ஜாதிவிட்டு ஜாதி கலியாணம் செய்துகொள்ளுபவர்களின் குடும்பத்துக்கு அபராதம் என்றும் அதே கூட்டத்தில் தீர்மானம் செய்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் பத்திரத்துக்குமாகச் செய்த தடையானால், ஜாதிக் கலியாணத்தின் பேச்சு அங்கே ஏன் வந்தது? பெண் தன் சொந்த இஷ்டப்படி ஒருவரோடு பேசிவிடுவாளோ என்கின்ற பயமே அத்தடைக்குக் காரணம் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

குஜராத்தைச் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளுவதிலும் அர்த்தமில்லை. நம் வீடுகளில் தீர்மானம் போடுவதில்லையே தவிர, காரியத்தில் அதையே செய்கின்றோம். முன் சொன்ன "அசர்" அறிக்கை 2023-ல் இத்தேசத்துக் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை விசாரித்ததில், செல்போனை உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் சொந்தமாக அதை வைத்திருந்தவர்கள் 100-க்கு சுமார் 44 பேர். பெண்களில் சுமார் 20 பேர்தான். பையனுக்கு அவனுடையதாகவே ஒன்று. பெண்ணுக்குத் தகப்பனிடமோ அண்ணனிடமோ கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது.

பெண்ணின் படத்தைத் திருடி வெட்டி ஒட்டுகின்றவன் யார்? பெயரில்லாத கணக்கு வைத்துக்கொண்டு ஆபாசமாக எழுதுகின்றவன் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பையன்கள்தானே? அப்படியிருக்க, திருடுகின்றவனுக்குப் புத்தி சொல்லாமல், திருட்டுக் கொடுப்பவளை அறைக்குள் அடைப்பது எந்த ஊர் நியாயம்? "அடுத்தவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுக்காதே, அனுப்பாதே, வந்தால் வாங்கிப் பார்த்துச் சிரிக்காதே" என்கின்ற ஒரு பாடத்தைப் பையன்களுக்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுத்திருந்தால், பெண்களுக்குச் சொல்லும் நூறு எச்சரிக்கைகளில் தொண்ணூறு அவசியமில்லாமலே போயிருக்கும்.

அயோக்கியனின் மூலதனம்

பொள்ளாச்சி சங்கதியை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தார் பெண்களோடு சமூக வலைத்தளங்களின் மூலமாகவும் மற்றப்படியும் சிநேகம் பிடித்து, தனி இடத்துக்கு அழைத்துப் போய்க் கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டி வந்தார்கள். 2016 முதல் 2019 வரை இந்த அக்கிரமம் நடந்து வந்தது.

மூன்று வருஷங்கள் இது எப்படி வெளிவராமல் இருந்தது? அவர்கள் கையிலிருந்த படத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அந்தப் பலம் நாம் கொடுத்தது. "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்" என்று நாம் பெண்களுக்குச் சிறு வயது முதல் ஊட்டி வைத்திருக்கின்றோமே, அதுதான் அந்தக் கூட்டத்தின் மூலதனம். வீட்டில் சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும், அவசரக் கலியாணம் நடக்கும் என்று ஒரு பெண் நினைக்கும் வரையில், மிரட்டுகின்றவனுக்கு அவளுடைய தகப்பனே சம்பளமில்லாத காவற்காரனாகி விடுகின்றான்.

அது எப்படி உடைந்தது என்பதையும் பாருங்கள். 2019 பிப்ரவரியில் 19 வயதுள்ள ஒரு மாணவி தனக்கு நடந்ததைத் தன் வீட்டில் சொன்னாள். வீட்டார் அவளைக் குற்றம் சொல்லி மூடி மறைக்காமல், போலீசுக்குப் போனார்கள். அவ்வளவுதான், கட்டடம் சரிந்தது. பாதிக்கப்பட்ட மற்றப் பெண்களும் துணிந்து வந்தார்கள். 2025-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் கோர்ட்டார் 9 பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னார்கள். எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்கள். இதற்கிடையில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே அதிகாரிகள் வெளியிட்டு, அதற்காக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்திரவிட வேண்டியிருந்தது என்பதும் வெட்கத்தோடு சொல்லத்தக்க சேதியாகும்.

ஆகவே, பிள்ளைகளுக்கு இணையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் பாடம் கடவுச் சொல்லைப் பற்றியதுமல்ல, கணக்கைப் பூட்டுவதைப் பற்றியதுமல்ல. "என்ன நடந்தாலும், தப்பு உன்னுடையதாகவே இருந்தாலும், முதலில் என்னிடம் வந்து சொல், உன்னை அடிக்க மாட்டேன், உன் படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று தாயும் தகப்பனும் வாயால் சொல்லி, காரியத்திலும் அதைக் காப்பாற்றுவதுதான் முதல் பாடம். இந்த ஒரு வாக்கு, அயோக்கியன் வைத்திருக்கும் ஆயிரம் படங்களைச் செல்லாக் காசாக்கிவிடும்.

அடுத்துச் செய்ய வேண்டியவைகளையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். மிரட்டுகின்றவனுக்குக் காசு கொடுக்கக் கூடாது; ஒரு தடவை கொடுத்தால் மறு தடவையும் கேட்பான். அவன் எழுதியதை அழித்துவிடாமல் சாட்சிக்காக வைத்துக்கொள்ள வேண்டும். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கு உதவி வேண்டுமானால் 1098 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீது செய்யப்படும் பாலியல் குற்றங்களில் அவர்களுடைய பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி குற்றமாகும். 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க, "டேக் இட் டவுன்" என்று அமெரிக்காவில் 2023-ல் ஏற்படுத்தப்பட்ட ஓர் இலவச ஏற்பாடும் உண்டு. படம் நம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து எடுத்த ஓர் அடையாள எண் மாத்திரம் போய், அதில் சேர்ந்துள்ள கம்பெனிகள் அப்படத்தைக் கண்டால் நீக்குவதற்கு உதவுகின்றது.

நம்புமுன் கேட்க வேண்டியது

இனி, பொய்ச் சேதிகளைப் பற்றிச் சொல்லுவோம். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வந்த பெரியவர்களின் யோக்கியதை இவ்விஷயத்தில் மிகவும் பரிதாபமானது. திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது விண்கலங்கள் மூன்று விநாடி நின்று போகின்றன, "நாசா"க்காரர்களே கண்டு அசந்து போனார்கள் என்று ஒரு சேதி வருஷக்கணக்காகச் சுற்றி வருகின்றதே, அதைப் பரப்புபவர்கள் எட்டாவது படிக்கும் பிள்ளைகளா? அந்தப் பிள்ளையின் சயன்சுப் புஸ்தகத்தைக் கேட்டிருந்தாலே விடை கிடைத்திருக்கும். பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் விண்கலம் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றது. அந்த ஓட்டத்தினால்தான் அது மேலே நிற்கின்றது. உண்மையிலேயே ஓட்டம் நின்று போனால், பிறகு தானாகப் புறப்படாது. கீழேதான் வந்து விழும்.

இது சிரிப்புக்கிடமான பொய். உயிர் வாங்கும் பொய்யும் உண்டு. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கின்றது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த சமயத்தில், திருவண்ணாமலை ஜில்லாவில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சென்னைக் குடும்பத்தாரில் ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக ஊரார் கூடி அடித்தே அவரைக் கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் பெரியவர்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். கம்பெனி விரலுக்குக் கட்டுப் போடலாம். புத்திக்கு யார் போடுவது?

ஆதலால், எந்தச் சேதி வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். இதைச் சொல்லுகின்றவன் யார்? அவனுக்கு இது எப்படித் தெரியும்? இதை நான் நம்புவதால் யாருக்கு லாபம்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரையில் விரல் "பார்வேர்டு" பொத்தானுக்குப் போகக் கூடாது. "பரிசு விழுந்திருக்கின்றது, ஓ.டி.பி. எண்ணைச் சொல்" என்கின்றவனுக்கும், "வீட்டிலிருந்தே தினம் ஐயாயிரம் சம்பாதிக்கலாம்" என்கின்றவனுக்கும், கிரகத்தைக் காட்டிக் காசு கேட்கும் ஜோசிய "ஆப்"புக்கும் இதே மூன்று கேள்விகள் போதும்.

ஜாதிப் பெருமை பேசும் துண்டுப் படங்களுக்கும் இவை பொருந்தும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாவது படிக்கும் ஓர் ஆதிதிராவிட மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, பிள்ளைகள் கையில் ஜாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று 2024 ஜூனில் சிபார்சு செய்தது. கயிற்றை வாசலில் அறுத்துவிடலாம். பாட்டும் வாளும் மீசையுமாகச் செல்போனுக்குள் வந்து சேரும் ஜாதியை அறுக்கக் கத்தரிக்கோல் ஏது? பையனுடைய கேள்வி கேட்கும் புத்தி ஒன்றுதான் அதை அறுக்கும்.

சட்டத்தால் ஆகக்கூடியதும் ஆகாததும்

சர்க்கார் சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாய்ப் போகும் என்று சிலர் சொல்லுகின்றார்கள். 2020 ஜூன் கடைசியில் இந்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப்பில் ஷார்ட்ஸ் வந்தது. கடை மாறிற்று, சரக்கு மாறவில்லை.

என்றாலும் சட்டமே வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளங்களில் கணக்குக் கூடாதென்ற சட்டம் 2025 டிசம்பர் 10-ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கின்றது. அதில் நாம் கவனிக்கத்தக்கது என்னவென்றால், மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் கம்பெனிக்குத்தானே தவிர, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. நம் நாட்டிலும் 2023-ல் செய்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து வேவு பார்த்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாதென்று இருக்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுக் கட்டங்கட்டமாக அமுலுக்கு வருபவை. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் அவசியம். ஆனால் பொய்யான பிறந்த தேதியைப் போட்டு உள்ளே நுழையும் பிள்ளைக்குப் புத்தியைச் சட்டம் கொடுக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியது

முடிவாக நம் வாசகர்கள் தங்கள் தங்கள் வீட்டில் நாளை முதலே செய்யக் கூடியவைகளைச் சொல்லுகின்றோம். ஒன்று, வீட்டுக்கு ஒரே சட்டம் இருக்கட்டும். பையனுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு, இரவில் எல்லாருடைய போனும் கூடத்தில் ஓரிடத்தில் தூங்கட்டும். அதில் தகப்பனுடைய போனும் சேரட்டும். சாப்பிடும்போது தான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைப் படி என்கின்றவர் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்? மூன்று, பிள்ளையின் கணக்கை அறியாதவர் பார்க்க முடியாதபடி அடைத்து வைப்பது எப்படி, தொல்லை கொடுப்பவனைத் தடுப்பது எப்படி என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்; அதனால் உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. நான்கு, பிள்ளைக்குத் தெரியாமல் போனைத் திருடிப் பார்க்காதீர்கள். வேவு பார்க்கும் வீட்டில் பிள்ளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஐந்து, நமது வாசகசாலைகளிலும் கூட்டங்களிலும் மாதத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, அந்த மாதத்தில் வாட்ஸ்அப்பில் வந்த பெரிய பொய் ஒன்றை எடுத்துவைத்து, அது பொய்யென்று கண்டுபிடிக்கும் வழியைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள்.

பூட்டு உள்ள வரையில் சாவியும் உண்டு. சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நம்மைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மேலும், பதினெட்டு வயதில் அப்பூட்டு எப்படியும் கழன்று போகும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கூடப் போகப் போவது நாம் போட்ட பூட்டா, அல்லது நாம் கற்றுக் கொடுத்த கேள்வியா என்பதைப் பெற்றோர்கள் யோசித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி நடந்து கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.